பேச்சிக்கு ஒரு பாவாடை

என் வீட்டுக்காரரின் அக்கா, என் மைனி இசக்கிச்செல்வி, கடையில் துணிதான் எடுப்பாள். தைத்த உடுப்பு எடுக்க மாட்டாள். நைட்டி, சுடிதார், ஜாக்கெட், உள்பாவாடை என்று அவள் உடம்பில் ஏறுவது எல்லாமே அவள் கையால் ஆனது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் முதலில் படம் போடுவாள். அதைச் சுவரில் ஒட்டிவைத்து நாலு நாள் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வரைவாள். அதற்குப் பிறகுதான் கத்திரியை எடுப்பாள். பால்வாடி டீச்சர் வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து காப்பி குடித்த கையோடு மிஷினில் உட்கார்ந்தால், விளக்கு வைக்கும்வரை அந்தச் சத்தம் ஓயாது.

அவள் தையலில் ஒரு விசேஷம் உண்டு. இடுப்புக்கு மேலே எல்லாம் கச்சிதம். தோள்பட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. இடுப்புக்குக் கீழே மட்டும் அப்படி ஓர் அகலம். சுடிதார் பேன்ட்டில் இரண்டு பேர் நுழையலாம். டாப்ஸின் இரண்டு பக்கமும் இடுப்புவரை வெட்டு விட்டிருப்பாள்.

"மைனி, உங்க பேன்ட்டுல ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கலாம் போல" என்று கேலி செய்வேன்.

"இருந்துட்டுப் போட்டும்" என்பாள். சிரிக்க மாட்டாள்.

எனக்கு ஆத்திரம் வேறொன்றில். தனக்குத்தான் தைப்பாளே தவிர, இன்னொருவருக்கு ஒரு பட்டன்கூடத் தைத்துத் தரமாட்டாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. என் மகள் தேன்மொழி பிறந்தபோது, "உங்க கையால ஒரு சின்னச் சட்டை தச்சுத் தாங்க மைனி" என்று வாய்விட்டுக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, பெரிய கடையில் ஆறு சட்டை வாங்கிவந்து தொட்டில் பக்கத்தில் வைத்தாள். நல்ல சட்டைகள்தான். எனக்கு அவற்றைத் தொடவே பிடிக்கவில்லை. ஊரிலும் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. 'தன் உடம்பு, தன் துணி, தன் மிஷின்' என்று வாய்க்கால் கரையில் பேசிக்கொள்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் அவர்களோடு சேர்ந்து பேசியவள்தான்.

ஒரு விஷயத்தை மறைத்துவைத்துக்கொண்டு கதை சொல்வது எனக்கு வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைனி ஒன்பது வயதில் தன் அக்காவுக்கு ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தாள். அந்தப் பாவாடையால்தான் அக்கா செத்தாள். அது மைனிக்கு மட்டும்தான் தெரியும். அதை அம்மாவிடம் சொல்லாமல் முப்பத்திமூன்று வருஷம் அந்த அம்மாவோடு ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறாள். சொன்னால் அம்மா என்ன ஆவாளோ என்ற பயம் ஒரு பக்கம். தன் கைபட்ட துணியை உடுத்தி இன்னோர் உயிர் போய்விடக் கூடாதே என்ற பயம் இன்னொரு பக்கம். இது எனக்கு இந்தத் தை மாதம்தான் தெரியவந்தது.

செத்தவள் பெயர் பேச்சியம்மாள். பதினொரு வயது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து கிழக்கே வரும் வடகால் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரிகிற இடத்தில் ஒரு மடை. மடையின் இரண்டு பக்கமும் இரண்டு கல். ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு ஒரு எட்டு வைத்தால் அக்கரைக்குப் போய்விடலாம். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தாண்டும்.

எங்கள் பக்கம் மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ செருகுவார்கள். அந்த உருண்டைகளை வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலன்று பெண்பிள்ளைகள் தாம்பாளத்தில் எடுத்துப்போய், சூடம் கொளுத்தித் தண்ணீரில் விடுவார்கள். அந்த வருஷம் பேச்சி தாம்பாளத்தோடு அக்கரைப் படித்துறைக்குப் போக மடையைத் தாண்டப் போனாள். தண்ணீர் முட்ட ஓடியது. தவறி விழுந்தாள். மறுநாள் மூன்று மைல் கிழக்கே வாழைத்தோட்டத்து ஓரம் கிடைத்தாள். இடுப்பில் பாவாடை இல்லை. தண்ணீர் உருவிக்கொண்டு போயிருந்தது.

பிள்ளை போன பதினாறாம் நாள், கோயிலில் சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். "அவளா விழலை. ஆத்தா கூப்பிட்டா, போனா. கன்னியா இருக்கா. துணி கேக்குதா அவ, குடுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சி எங்கள் வீட்டுக் கன்னி தெய்வம். வீட்டின் கன்னிமூலையில் உத்திரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கும். அதற்குள் ஒரு பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா. ஒவ்வொரு சிறுவீட்டுப் பொங்கலுக்கும் புதுப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு, போன வருஷத்துத் துணியை வெளியே எடுப்பார்கள். வீட்டில் அந்த வயதில் பெண் இருந்தால் அவள் உடுத்த வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத வீட்டுப் பிள்ளை எதற்காவது கொடுத்துவிடலாம்.

மைனி தனக்கல்லாமல் தைத்தது அந்த ஒன்றுதான். பதினைந்து வயதில் மிஷின் மிதிக்கப் படித்தவுடன், "கன்னிக்கு இனி நானே தைக்கேன்" என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து பெட்டியிலிருந்து எடுத்த துணி எதையும் யாருக்கும் கொடுக்கவிட்டதில்லை; தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். தனக்குத் தைக்கிற துணி ஒரு நாளில் முடியும். கன்னி துணிக்கு ஒரு மாதம். சட்டையில் கையால் பூ வேலை செய்வாள். பாவாடையைத் தைப்பாள், பிரிப்பாள், மறுபடி தைப்பாள். ஒவ்வொரு வருஷமும் அதன் சுற்று கூடிக்கொண்டே போயிற்று. நான் வந்த வருஷம் நாலு மீட்டர். போன வருஷம் ஏழு மீட்டர். பதினொரு வயதுப் பிள்ளையின் பாவாடைக்கு ஏழு மீட்டர் சுற்று! என் மாமியாருக்கு அதில் பெருமை. "எம் மவ சாமிக்குக் குறை வைக்க மாட்டா" என்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். சந்தைக்குப் போனவள் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டேன். மைனி அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே அவள் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் டேப். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனால் டேப்பை ஒரு சின்னப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் வட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்துத் தரைவரைக்கும் தொங்கவிட்டாள்.

"நேரா நில்லு ஏட்டி" என்றாள் பைய. "காலை அகட்டு. இன்னுங் கொஞ்சம் அகட்டு. ம்."

காய்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் தேன்மொழியை அந்த அறைப்பக்கமே விடவில்லை. என் வீட்டுக்காரர் செந்தில்முருகனிடம் சொன்னதற்கு, "அவ தனியாப் பேசுவா. சின்னதுலருந்தே அப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அக்கா செத்தபோது அவருக்கு மூன்று வயது. அவருக்குப் பேச்சி என்றால் உத்திரத்தில் தொங்குகிற பெட்டி, அவ்வளவுதான்.

டிசம்பர் வெள்ளம் வந்த அன்றும் ஒன்று பார்த்தேன். இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடினோம். மைனி தன் மிஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓலைப்பெட்டியை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் அகலமாக, நிதானமாக வைத்து, "அப்படித்தான், அப்படித்தான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே வந்தாள். தண்ணீரின் பயத்தை விட அந்தக் குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வெள்ளம், பேச்சி போன பிறகு மடைமேல் போட்டிருந்த சிமெண்ட் பலகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்னும் போடவில்லை. ஜனங்கள் மறுபடியும் கல்லுக்குக் கல் தாண்டத் தொடங்கினார்கள்.

இந்தத் தை மாதம் தேன்மொழிக்குப் பதினொன்று முடிந்தது. மாமியார் மார்கழியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பேச்சி போன வயசு நம்ம தேனுக்கு வந்திருக்கு. அவ உடுப்பை இவ உடுத்துனாத்தான் காவல். இந்தச் சிறுவீட்டுப் பொங்கலுக்குப் பெட்டித் துணியை இவதான் உடுத்தணும். தாம்பாளத்தையும் இவதான் எடுக்கணும்."

மைனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் கையை உதறினாள். "வேண்டாம்மா."

"எதுக்குட்டி வேண்டாங்குத?"

"நான் தச்சது அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். கடையில நல்லதா எடுத்துத் தாரேன்."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கன்னி உடுத்தலாம், எம் பிள்ளை உடுத்தக் கூடாதா மைனி? அவ உங்களுக்கு என்ன செஞ்சா? பொறந்ததுலருந்து பாக்குதேன், அவளுக்கு ஒரு நூல் கோத்துத் தந்திருப்பியளா?" என்று கேட்டுவிட்டேன். பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டாள். இன்றைக்கு நினைத்தால் என் நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம் போல இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. இரண்டு வார்த்தை கூடக் கேட்டிருக்கலாம் என்றுதான் இருந்தது.

சிறுவீட்டுப் பொங்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குப் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சொட்டுமருந்து கொடுக்கிற நாள். மைனிக்கு விடுப்பு கிடையாது. விடிந்ததும் புது உடுப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழையதை எடுத்து மடித்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். போகும்போது என்னிடம் வந்து நின்றாள்.

"தேனு வாய்க்காலுக்குப் போவ வேண்டாம். நான் வந்த பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் தெருமுனை திரும்பியதும் மாமியார் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மாமியார், மருமகள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்தது அந்தப் பதின்மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

தேன்மொழி பாவாடையை உடுத்திப் பார்த்தாள். அழகுதான், மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. ஆனால் நின்றால் தரையில் வட்டமாகப் பரந்தது. "யம்மா, இது பந்தல் மாதிரி இருக்கும்மா. எல்லாரும் சிரிப்பாளுவ" என்று உதட்டைப் பிதுக்கினாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அதில் ஒரு பெண் இடுப்பிலிருந்து கால்வரை ஒட்டினாற்போல நீளப் பாவாடை உடுத்தியிருந்தாள். "இப்படிப் பிடிச்சுத் தாயேன்."

எனக்கும் தையல் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் படித்தது. மைனியின் மிஷினில் நான் உட்காருவது அதுவே முதல் முறை. ஏழு மீட்டர் சுற்றில் ஆறு மீட்டருக்கு மேல் வெட்டி எடுத்தேன். கத்திரி துணியில் ஓடும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. இத்தனை வருஷத்துக் கோபத்தை வெட்டுகிற மாதிரி வெட்டினேன். மேலே இருந்து கீழே வரைக்கும் நேராக இரண்டு தையல். அரை மணி நேர வேலை. பிள்ளைக்கு அளவாகப் பிடிப்பதுதானே என்று மாமியாரும் விட்டுவிட்டாள். தேன்மொழி கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, "சூப்பர்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு தேன்மொழி முன்னால் போனாள். அடிமேல் அடிவைத்து, புதுப்பெண் மாதிரி நடந்தாள். பின்னால் மாமியார், அதற்குப் பின்னால் நான். வடகாலில் தண்ணீர் கலங்கலாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் படித்துறையில் மற்றப் பிள்ளைகள் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தேன்மொழி மடைக்கல்லில் ஏறி நின்றாள். மாமியார் குலவை இட்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கத்தல் என்று சொல்ல முடியாது. திரும்பினால் மைனி கரைமேல் செருப்பில்லாமல் ஓடிவருகிறாள். நாங்கள் போவதைப் பால்வாடி வாசலிலிருந்து பார்த்துவிட்டு, சொட்டுமருந்தைப் பாதியில் ஆயாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "பேச்சி! தாண்டாத! தாண்டாத ஏட்டி!" என்று அலறிக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு, மாமியாரைத் தள்ளிவிட்டு, கல்லில் ஏறித் தேன்மொழியின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கரையில் விழுந்தார்கள். தாம்பாளம் தண்ணீரில் போயிற்று.

பிள்ளை வீறிட்டாள். மைனி அவளை விடவில்லை. தோள்பையிலிருந்து பால்வாடிப் பிள்ளைகளுக்குக் காகிதம் வெட்டுகிற கத்திரியை எடுத்தாள். மொட்டைக் கத்திரி. அதை வைத்துப் பாவாடையைக் கீழிருந்து மேலாக வெட்டினாள். வெட்டாத இடத்தில் பல்லால் கடித்துக் கிழித்தாள். நான் பாய்ந்துபோய் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். வயதில் மூத்தவள், என் வீட்டுக்காரரின் அக்கா; அறைந்தேன். அவளுக்கு உறைக்கவே இல்லை. முட்டிவரை கிழித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இப்பம் காலை அகட்டு" என்றாள் தேன்மொழியிடம். "அகட்டு தாயி."

பிள்ளை அழுதுகொண்டே அகட்டினாள்.

"சாமி துணியை கிழிச்சிட்டியேட்டி பாவி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

மைனி தரையில் உட்கார்ந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தாள். "யம்மா, அன்னைக்கு இதே மாதிரி ஒண்ணு நாந்தாம்மா தச்சேன்."

"எதை?"

"பேச்சிக்குப் பாவாடை. அந்த வருசம் புதுத்துணி எடுக்கலன்னு அழுதா. உன் பச்சைச் சேலையில நல்லா இருந்த துண்டக் கிழிச்சு, ஊசி நூலால தச்சேன். நீ வயலுக்குப் போயிருந்த. துணி பத்தல. குழாய் மாதிரி ஆயிப்போச்சு. நாந்தான் உடுத்து உடுத்துன்னு கெஞ்சுனேன். இந்தக் கல்லுலதான் நின்னா. நான் இங்கன நிக்கேன். ஒரு எட்டு வச்சா. எட்டலம்மா. கால் எட்டல."

மாமியார் வாய்க்காலைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். "பச்சைச் சேலை" என்றாள். "வெள்ளையடிக்க வந்தவன் எடுத்துட்டுப் போயிட்டான்னு அவனை ஏசுனேனே."

பிறகு கேட்டாள்: "அப்பம் ஆத்தா கூப்பிடலயா அவள?"

"இல்லம்மா."

"சாமியாவலயா அவ?"

மாமியார் திரும்பித் தனியாக வீட்டுக்கு நடந்தாள். நான் என் பிள்ளையின் கிழிந்த பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு தையலும் நான் போட்டது. இன்னும் ஒரு மூச்சு நேரம் மைனி தாமதித்திருந்தால் நானும் அவளைப் போல ஆகியிருப்பேன். அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அறைந்த கன்னத்தைத் தொட்டேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. மாமியார் கன்னிமூலையில் விளக்குப் போடவில்லை. பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவும் இல்லை. செந்தில்முருகன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று விழித்தார். மைனி வேலைக்குப் போவாள், வருவாள், மிஷினைத் துணிபோட்டு மூடிவைத்துவிட்டு அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்தவள் நான்தான். இப்போது அது இல்லாதது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. வீட்டில் ஓர் ஆள் குறைந்துபோன மாதிரி, சோறு வடிக்கும்போது அரிசி கூடிப்போன மாதிரி இருந்தது.

மாசி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை. மைனி வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி செல்வி, இங்கன வா."

மைனி ஈரக்காலோடு வந்து நின்றாள். நான் அடுப்படி நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதை உடுத்திக்கிட்டு அவ என்ன சொன்னா?"

"நல்லா இருக்குட்டின்னா. நடக்கத்தான் வரல, அடுத்ததக் கொஞ்சம் அகலமா வைன்னா. அதாம்மா வருசா வருசம் வச்சேன். எவ்வளவு வச்சாலும் எனக்குக் காணாத மாதிரியே இருக்கு."

மாமியார் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவ இடுப்பு எத்தனை?"

"இருவத்தொண்ணு."

"நீளம்?"

"முப்பத்திரெண்டு. அப்பம் நூல் போட்டு அளந்தேன். அந்த நூலை வச்சிருந்து, டேப் வாங்குன அன்னைக்கு வச்சுப் பாத்தேன்."

"அந்த அளவுல ஒண்ணு தை" என்றாள் மாமியார். "ஏழு மீட்டரு எட்டு மீட்டரு வேண்டாம். அளவாத் தை. அவ எப்படி இருந்தாளோ அப்படி. சாமிக்கு இல்ல. எம் பிள்ளைக்கு."

மைனி அலமாரியைத் திறந்து பச்சைத் துணி ஒன்றை எடுத்தாள். இரண்டு தடவை ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான் போய்க் கோத்துக் கொடுத்தேன். மூன்று மீட்டர் சுற்று. இடுப்பில் சின்னச் சின்ன மடிப்பு. தாண்டுகிற பிள்ளைக்குப் போதுமான பாவாடை. மாமியார் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் மைனி நூலைக் கத்தரித்து, பாவாடையை அம்மாவின் மடியில் வைத்தாள்.

மாமியார் அதை விரித்தாள். இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முன்னால் தூக்கினாள். பாவாடையின் கீழ்க்கரை தரையைத் தொடவும் அவள் கை ஓர் இடத்தில் நின்றது. அவ்வளவுதான் உயரம். பேச்சி அவ்வளவு சின்னவள். நாங்கள் ஏழு மீட்டர் சுற்றி அவளைக் கோபுரம் மாதிரி ஆக்கிவைத்திருந்தோம்.

கன்னியாகிவிட்ட பிள்ளையை நினைத்து வீட்டில் அழக் கூடாது. அழுதால் தெய்வம் விலகிப்போகும் என்று கோமரத்தாடி அன்றே சொல்லியிருந்தாராம். அதனால் முப்பத்திமூன்று வருஷமாக என் மாமியார் பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. குலவைதான் இட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பாவாடையை மார்பில் அடித்துக்கொண்டு, "வாய்க்கா தாண்டப் போன மவளே, வயித்தெரிய விட்டியேடி" என்று ஒரே குரலில் எடுத்தாள். மைனி அவள் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரின் அழுகையும் தெருவுக்குக் கேட்டது.

பக்கத்து வீட்டு மாடக்கண்ணு மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு வாசலுக்கு ஓடிவந்தார். "என்ன தாயி, வீட்டுல யாருக்கு என்ன?" என்றார்.

"எங்க பெரிய மைனி பேச்சி தவறிட்டாவ, மாமா" என்றேன்.

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாளித் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவரைப் போல வாசல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.